கடலோரப் பெண்கள் நல அமைப்புக்கு நிர்வாகக் குழு அமைக்கும் முறை

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பெண்களின் உடல்நலத்துக்கென ஓர் அமைப்பைத் தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது மருத்துவரையும் வண்டியையும் நன்கொடையாளரையும்தான். நிர்வாகக் குழுவோ, பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்து வேண்டும் என்ற நிலை வந்த பிறகு, அக்கம்பக்கத்தில் கிடைத்தவர்களைக் கொண்டு அவசரமாக நிரப்பப்படுகிறது. அந்தப் பட்டியலில் நிறுவனரின் கணவரோ அண்ணனோ இருப்பார். ஊர்ப் பெரியவர் ஒருவர் இருப்பார். மருத்துவ முகாமுக்கு வருகிற மீனவப் பெண்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார். இரண்டு மூன்று ஆண்டுகள் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலவே தெரியும். பிறகு ஒரு நாள் பணத்தைப் பற்றியோ, சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணிடம் காட்டப்பட்ட கவனக்குறைவைப் பற்றியோ பேச்சு எழும்போது, கேள்வி கேட்கும் உரிமை யாருக்கு, பதில் சொல்லும் கடமை யாருக்கு என்பது ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

நிர்வாகக் குழுவின் முதல் வேலை கேள்வி கேட்பது. கேட்கத் தெரிந்தவர்களையும், கேட்டே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்களையும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வைத்து, அவர்களுக்குப் பதில் கிடைக்கும்படி விதிகளை எழுதி வைப்பதே குழு அமைக்கும் வேலை. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வடகடல் ஊர்களானாலும், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீளும் தென்கடல் ஊர்களானாலும், பாம்பன் தீவானாலும் இது பொருந்தும். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே நடந்துவரும் அமைப்பைச் சீர்செய்ய நினைப்பவர்களும் தேவையான இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எந்தச் சட்டத்தின் கீழ் பதிவது

தமிழ்நாட்டில் மூன்று வழிகள் உண்டு. அறக்கட்டளைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கமாகப் பதியலாம். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8-ஆவது பிரிவின் கீழ் லாப நோக்கமற்ற கம்பெனி தொடங்கலாம். இவற்றில் அறக்கட்டளைதான் எளிது, செலவும் குறைவு. அதனாலேயே பலரும் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அறக்கட்டளையில் பொதுக்குழு என்று ஒன்று சட்டப்படி தேவையில்லை. பத்திரத்தில் எழுதியதுதான் விதி. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோல் பொது அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிறுவன ஆணையர் ஒருவரும் இங்கே இல்லை. ஆகவே நிறுவனர் தன் வாழ்நாள் முழுவதும் தானே நிர்வாக அறங்காவலர் என்று எழுதிக்கொண்டால், அவரைக் கேள்வி கேட்க உள்ளேயும் ஆளில்லை, வெளியேயும் வருமான வரித்துறையையும் நீதிமன்றத்தையும் தவிர வேறு ஆளில்லை.

சங்கமாகப் பதிந்தால் உறுப்பினர்கள் கூடும் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தடையில்லை. சேவை பெறும் பெண்கள் சந்தா கட்டி உறுப்பினராகி, வாக்களித்துக் குழுவைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றுதான் இயல்பான வழி. கம்பெனி வடிவத்தில் கட்டுப்பாடு நன்றாகவே இருக்கும். ஆண்டுதோறும் செய்ய வேண்டிய தாக்கல்களுக்கும் அவற்றைச் செய்து கொடுப்பவர்களின் கட்டணத்துக்கும் சிறிய அமைப்பு ஈடுகொடுப்பது கடினம். பெரிய மருத்துவமனை கட்டும் எண்ணம் இல்லாதவர்களுக்குச் சங்கமே ஏற்றது என்பது என் கருத்து. அறக்கட்டளையாகத்தான் பதிவோம் என்பவர்கள் பதவிக்காலம், நீக்கும் முறை, உறவினர் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவான பிறகு திருத்துவது எளிதல்ல.

யாரை அழைப்பது

ஏழு முதல் ஒன்பது பேர் போதும். பதினைந்து பேர் கொண்ட குழு பெயர்ப்பலகைக்கு அழகாக இருக்கும். கூட்டத்துக்கு ஐந்து பேர்தான் வருவார்கள், வராத பத்துப் பேருக்கும் பொறுப்பு மட்டும் இருக்கும்.

மகப்பேறு மருத்துவம் தெரிந்த ஒருவர் வேண்டும். பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரும் வேண்டும். இந்தக் கடற்கரையில் எந்தத் தெருவில் யார் தடுப்பூசிக்கு வர மாட்டார்கள், ஏன் வர மாட்டார்கள் என்பதை அவரைப் போல அறிந்தவர் வேறொருவர் இல்லை. கணக்கு தெரிந்த ஒருவர், வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருந்தால் நல்லது. வழக்கறிஞர் ஒருவர் தேவை. குழுவில் இடமில்லை என்றால் ஆலோசகராகவாவது இருக்கட்டும். அரசுப் பணியில் இருப்பவரை அழைப்பதாக இருந்தால், அவர் தம் துறையின் முன் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே பெயரைச் சேருங்கள்.

மீதி இடங்கள், அதாவது குறைந்தது மூன்று இடங்கள், சேவை பெறும் பெண்களுக்கு உரியவை. கடற்கரை ஒரே மாதிரியானதல்ல என்பதை இங்கே நினைவில் வையுங்கள். பாம்பனிலும் மண்டபத்திலும் கடலில் இறங்கிக் கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள், ராமேஸ்வரத்திலும் தங்கச்சிமடத்திலும் கருவாடு காயவைத்தும் மீன் ஏலம் எடுத்தும் பிழைப்பவர்கள், வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளிகள், சாயல்குடிப் பக்கத்துப் பனைத்தொழில் குடும்பத்துப் பெண்கள், கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் கணவர் வெளிநாட்டில் இருக்க வீட்டைத் தனியே நடத்தும் முஸ்லிம் பெண்கள் என்று ஒவ்வொருவரின் உடல்நலச் சிக்கலும் வேறு, மருத்துவமனைக்குப் போக முடியாததற்கான காரணமும் வேறு. எல்லாரையும் ஒரே நேரத்தில் குழுவில் வைக்க முடியாது. வேலை நடக்கும் ஊர்களிலிருந்து தொடங்கி, பதவிக்காலம் முடியும்போது ஊரை மாற்றிக்கொண்டே போகலாம். மண்டபம் அகதிகள் முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்ப் பெண்களுக்கும் சேவை போகிறது என்றால், குடியுரிமை தொடர்பான தடைகள் காரணமாக அவர்களைப் பொறுப்பாளராக்குவதற்குப் பதில், குழுவுக்கு எழுத்தில் பரிந்துரை அனுப்பும் உரிமையுள்ள ஆலோசனைக் குழுவில் சேர்ப்பது பாதுகாப்பானது. அந்தப் பரிந்துரைக்குக் குழு பதில் எழுத வேண்டும் என்பதையும் விதியில் சேருங்கள்.

இப்படிப்பட்ட பெண்களை எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகளாக நடக்கின்றன. கணக்குப் புத்தகம், தீர்மானம், சுழற்சி முறைத் தலைமை ஆகியவை அங்கே பழகிய பெண்களுக்குப் புதியவை அல்ல. பாசி சேகரிக்கும் பெண்கள் தாங்களே கூடிப் பேசி, எந்தக் காலத்தில் பாசி எடுப்பதை நிறுத்துவது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். பாம்பன் தீவைச் சேர்ந்த அவர்களின் தலைவி ஒருவருக்கு 2015-இல் கடல் பாதுகாப்புக்கான பன்னாட்டு விருதான சீக்காலஜி பரிசு கிடைத்தது. தலைமைக்கு ஆள் இல்லை என்ற பேச்சுக்கே இந்தக் கரையில் இடமில்லை.

யாரைத் தவிர்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே குடும்பத்திலிருந்து இருவருக்கு மேல் வேண்டாம். இருவர் இருந்தாலும் அவர்கள் இருவருமே காசோலையில் கையெழுத்திடுபவர்களாக இருக்கக் கூடாது. கட்சிப் பொறுப்பில் இருப்பவரை, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், குழுவுக்கு வெளியே நண்பராக வைத்துக்கொள்ளுங்கள். ஜமாத், தேவாலயப் பங்கு, ஊர்க் கமிட்டி ஆகியவற்றின் பெரியவர்களை முகாம் தொடங்குமுன் நேரில் கண்டு பேசி, அவர்களின் ஆதரவைப் பெறுவது கட்டாயம். ஆனால் பதவியின் காரணமாக அவர்களுக்குக் குழுவில் இடம் கொடுத்தால், கருத்தடை பற்றியோ வெள்ளைப்படுதல் பற்றியோ பேச வேண்டிய கூட்டத்தில் பெண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அவர்கள் வாய் திறந்து பேசுவதற்கு

குழுவில் இடம் கொடுப்பது எளிது. அந்த இடத்தில் இருந்து பேச வைப்பதில்தான் உண்மையான உழைப்பு இருக்கிறது. படித்தவர் ஆறு பேருக்கு நடுவே தனியாக உட்கார வைக்கப்பட்ட மீனவப் பெண், மூன்று கூட்டம் வரை அமைதியாக இருப்பார். நான்காவது கூட்டத்துக்கு வர மாட்டார். ஆகவே ஒருவராக அழைக்காதீர்கள். ஒரே தொழிலைச் செய்யும் இருவராவது சேர்ந்து வரட்டும். ஒருவர் தொடங்கத் தயங்குவதை மற்றவர் முடித்து வைப்பார்.

கூட்டத்தின் நேரத்தைக் கடல்தான் தீர்மானிக்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேர்கின்றன. அந்தக் காலைகளில் ராமேஸ்வரத்துப் பெண்களுக்கு ஏலமும் தரம் பிரிப்பும் இருக்கும். பாசிக்குப் போகிறவர்களின் நாள் நீர் வற்றுவதையும் ஏறுவதையும் பொறுத்தது. அமாவாசை, பௌர்ணமியைப் பார்த்துத்தான் அவர்கள் தேதி சொல்வார்கள். செவிலியர்களுக்குப் புதன்கிழமை தடுப்பூசி நாள். இவற்றையெல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்கிடுவதைவிட, அடுத்த கூட்டத்தின் தேதியை அந்தப் பெண்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. கூட்டத்தை எப்போதும் ராமநாதபுரம் நகரத்தில் வைக்காமல், ஒரு முறை பாம்பனிலும் ஒரு முறை ஏர்வாடியிலும் வையுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஒரு கூட்டத்துக்கு வந்து போனால் அன்றைய வேலை முழுவதும் போய்விடும்.

போன வேலைக்கு ஈடு கொடுக்க வேண்டும். நிர்வாகக் குழுவினர் சம்பளம் வாங்கக் கூடாது என்பது சரியான கொள்கைதான். ஆனால் ஓய்வூதியம் வாங்குபவரும், அன்றாடம் கூலி பார்ப்பவரும் ஒரே அளவு தியாகம் செய்யவில்லை. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, இழந்த கூலிக்கு ஈடான அமர்வுப்படி ஆகியவற்றைத் துணைவிதிகளில் எழுதி, எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரே தொகை என்று வைத்து, வேண்டாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு விட்டுக்கொடுக்கலாம் என்று சொல்லுங்கள். ஆடிட்டரிடம் முன்கூட்டியே காட்டி, வரிவிலக்குக்கு இடையூறு இல்லாத அளவை நிர்ணயித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் வைக்கும் தாள்கள் தமிழில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அதோடு நிற்காமல், ஒரு வாரத்துக்கு முன்பே செயலாளர் ஒவ்வொரு பொருளையும் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக அனுப்பட்டும். வலை பின்னும்போதும் கருவாடு புரட்டும்போதும் அதைக் கேட்டுவிட்டு, கூட்டத்துக்குக் கேள்வியோடு வருவார்கள். பேச்சின் வரிசையையும் மாற்றுங்கள்: மருத்துவர் முதலில் பேசினால் அதற்குப் பிறகு எவரும் மறுத்துப் பேசுவதில்லை, ஊர்ப் பெண்கள் பேசி முடித்த பிறகு மருத்துவர் பேசட்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றலாம். பாசிக்குப் போகும் பெண், பாறையும் சிப்பியும் கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, காலுக்கு எதையாவது கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி எழுகிறாள். கடலில் மறைவிடம் இல்லை என்பதால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறாள். மாதவிலக்கு நாட்களிலும் உப்புநீரில் நின்றாக வேண்டும். நீர்க்கடுப்புக்கு மருந்து கொடுக்கும் முகாம் இதை அறியாமல் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று அறிவுரை சொல்லி அனுப்பும். குழுவில் பாசிக்காரப் பெண் இருந்தால், முகாமுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கைக் கரையோரக் கழிப்பறைக்காக ஊராட்சியிடம் மனுக் கொடுத்து அலைவதற்கு ஒதுக்குங்கள் என்பார். முகாம் பதாகையில் புற்றுநோய் என்ற சொல்லைப் பெரிதாக எழுதினால் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கும் தாய் ஒருத்தியும் உள்ளே வர மாட்டாள் என்றும் அவர்தான் சொல்வார்.

யார் எதை முடிவு செய்வது

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரும் குழுவின் பொறுப்பாளர்கள். அன்றாட வேலையை நடத்தும் செயல் இயக்குநர் சம்பளம் பெறும் ஊழியர். தலைவரும் செயல் இயக்குநரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. நிறுவனர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்: வேலையைத் தாமே நடத்த விரும்பினால் இயக்குநராகிக் குழுவுக்குப் பதில் சொல்லட்டும், வழிநடத்த விரும்பினால் தலைவராகி, அன்றாட வேலையிலிருந்து கையை எடுத்துக்கொள்ளட்டும். தொடங்கியவர்களுக்கு இது வலிக்கும். இருந்தும் இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுத்தால் மற்ற விதிகள் எதுவும் நிற்காது.

இயக்குநர் தாமே முடிவு செய்யக்கூடிய செலவு எவ்வளவு, பொருளாளரைக் கேட்க வேண்டியது எவ்வளவு, குழுவின் தீர்மானம் வேண்டியது எவ்வளவு என்று ஒரே ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஊழியர் நியமனத்தை இயக்குநர் செய்யட்டும். இயக்குநரின் நியமனத்தையும் ஆண்டு மதிப்பீட்டையும் குழு செய்யட்டும். தங்கை மகனுக்கு வேலை வாங்கித் தர வேண்டும் என்று குழு உறுப்பினர் ஊழியரைக் கூப்பிட்டுப் பேசும் வழக்கம் தலைதூக்கினால், தலைவர் அன்றே தனியாக அழைத்து நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மருத்துவ முடிவுகளில் குழு தலையிடக் கூடாது. மருத்துவத் தரத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்கவும் கூடாது. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு புதிய உறுப்பினருக்கும் விளக்குங்கள். இன்ன பெண்ணுக்கு ஏன் அந்த ஊசி போட்டீர்கள் என்று கேட்பது தவறு. ஊசிக்கு ஒவ்வாமை வந்தால் கையாள முகாமில் என்ன ஏற்பாடு இருக்கிறது, 108 வண்டி வந்து சேரும்வரை யார் பொறுப்பு என்று கேட்பது கடமை.

ரகசியம் காப்பது இந்த ஊர்களில் மிகக் கடினம், ஏனென்றால் எல்லாரும் எல்லாருக்கும் உறவு. குழு உறுப்பினரின் நாத்தனாரோ மருமகளோ முகாமுக்கு வந்திருப்பார். எனவே குழுவுக்கு வரும் எந்த அறிக்கையிலும் பெயர், தெரு, வயது ஆகிய மூன்றும் சேர்ந்து வரக் கூடாது. சிறிய குக்கிராமத்தில் இருந்து ஒரே ஒரு பெண் மேல்சிகிச்சைக்குப் போயிருந்தால், ஊர் பெயரைக்கூட எழுதாமல் ஒன்றியத்தின் பெயரை எழுதுங்கள். பொறுப்பேற்கும் நாளிலேயே ஒவ்வொருவரும் ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்திடட்டும். அதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

கூட்டத்தில் கேட்க வேண்டியவை

மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். எத்தனை முகாம், எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை வாசித்துக் கைதட்டி முடிக்கும் கூட்டத்தால் பயனில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் வழிமுறை வெளியிட்டது. அந்த நோய் பல ஆண்டுகள் எடுத்து மெல்ல வளர்வது. முன்நிலையிலேயே கண்டுபிடித்தால் தடுத்துவிடலாம். ஆனால் சோதனையில் ஐயம் என்று வந்த பெண் மேல்பரிசோதனைக்குப் போகாவிட்டால், முதல் சோதனை செய்ததே வீண். ஆகவே குழு கேட்க வேண்டிய கேள்வி இது: மேலே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், சேராதவர்களிடம் யார் போய்க் காரணம் கேட்டார்கள்? ரத்தசோகைக்கும் இதே முறைதான்: மாத்திரை கொடுத்த எண்ணிக்கை வேண்டாம், மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் மறுபடி பார்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அதில் 12 கிராமைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

கூட்ட நடவடிக்கைகளைப் பதியும் மினிட் புத்தகத்தில் எழுதும் முறையும் முக்கியம். விவாதிக்கப்பட்டது என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். பின்வருவதுபோல் இருக்கட்டும்: "தீர்மானம் 6. கடந்த காலாண்டில் மேல்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு மருத்துவமனை சேராதவர்களின் காரணங்கள் படிக்கப்பட்டன. பயணச் செலவுக்கும் துணைக்கு ஒருவர் உடன் செல்வதற்கும் தனி நிதி ஒதுக்குவது, பொறுப்பைக் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஏற்பது, அடுத்த கூட்டத்தில் முன்னேற்றத்தை எண்ணிக்கையோடு வைப்பது என முடிவாயிற்று. ஒதுக்கிய தொகை போதாது என்று உறுப்பினர் ஒருவர் தெரிவித்த மாற்றுக் கருத்து பதிவு செய்யப்பட்டது." மாற்றுக் கருத்தை எழுதுவதில் எவரும் வருத்தப்படத் தேவையில்லை, ஒரு மாற்றுக் கருத்துகூட இல்லாத மினிட் புத்தகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை வரும்.

பணம்

வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, ரொக்கமாக வரும் நன்கொடைக்கு அன்றே ரசீது, இலவசமாக வரும் மருந்துக்கும் இருப்புப் பதிவேடு என்பவை தொடக்கப் பாடங்கள். விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வருமான வரித்துறைப் பதிவும், நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரமும் காலவரையறை கொண்டவை. புதுப்பிக்கும் தேதி பொருளாளரின் தலையில் மட்டும் இல்லாமல் பொருள் நிரலிலும் இருக்க வேண்டும். நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்களின் உறவினருக்கோ அமைப்பின் பணத்தால் ஆதாயம் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. தலைவரின் கட்டடத்தை அலுவலகமாக வாடகைக்கு எடுப்பதானால், அந்தத் தீர்மானத்தின்போது தலைவர் அறையைவிட்டு வெளியே இருக்க வேண்டும்; வெளியே இருந்தார் என்பதையும் எழுத வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்துக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு கட்டாயம். வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர், இந்தியக் குடியுரிமையோடு தம் சொந்த வருமானத்திலிருந்து அனுப்புவது வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்புவது வேறு. இரண்டாவதைப் பதிவின்றி வாங்கக் கூடாது. கீழக்கரை, தொண்டி பக்கம் வேலை செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு அடிக்கடி குறுக்கே வரும். 2020-இல் வந்த திருத்தத்தின்படி, அந்தப் பணத்தை முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் கணக்கில்தான் பெற வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னொரு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

கணக்கை எல்லாருக்கும் விளங்கும்படி வாசிப்பது பொருளாளரின் கடமை. படகு கரை சேர்ந்ததும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை எல்லார் முன்னிலையிலும் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பதை இந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறார்கள். அதே வரிசையில், வந்தது இவ்வளவு, முதலில் கழிந்தது இவ்வளவு, மருந்துக்கும் மருத்துவருக்கும் போனது இவ்வளவு, கையில் நிற்பது இவ்வளவு என்று சொன்னால் ஐந்தே நிமிடத்தில் கேள்விகள் வரும்.

சட்டம் குழுவின் மீது வைக்கும் கடமைகள்

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியவர்களுக்கான காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துக் கேள்வி கேட்கும் கண்காணிப்பு என்பது அங்கே இல்லவே இல்லை. உடல்நலத்தின் பெயரால் மனிதர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் எந்த அமைப்பும் இந்த மாவட்டத்தில் அதை மறந்துவிட்டு இயங்கக் கூடாது. குழு உறுப்பினர் இருவர் இருவராக, முன்னறிவிப்பின்றி, ஆண்டுக்கு இரண்டு முறையாவது முகாமையும் கிளினிக்கையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

நிலையான கிளினிக் நடத்தினால் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். ஸ்கேன் கருவி வைத்தால், கருவின் பாலினம் அறிவதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் பதிய வேண்டும். நன்கொடையாகக் கிடைத்த கருவி என்பது விலக்காகாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூத்த பெண் ஊழியர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களைக் கொண்டு, வெளி உறுப்பினர் ஒருவரோடு உள்ளகக் குழு அமைக்க வேண்டும். பத்துக்குக் குறைவானால் புகார் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகும். அந்த விவரத்தைச் சுவரில் எழுதி வையுங்கள்.

18 வயது நிறையாத பெண் கர்ப்பமாக இருப்பது முகாமில் தெரிய வந்தால் என்ன செய்வது என்பதைக் குழு முன்கூட்டியே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு தகவல் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. தெரிவிக்காமல் மறைத்தால் தண்டனை உண்டு. அந்தச் சுமையை இருபத்திரண்டு வயதுக் களப்பணியாளரின் தோளில் விட்டுவிட்டு, குழு ஒதுங்கி நிற்பது நியாயமல்ல. யார் மருத்துவரிடம் அழைத்துப் போவது, யார் தகவல் கொடுப்பது, அந்தச் சிறுமியோடு யார் துணைக்கு இருப்பது, தாயிடம் யார் பேசுவது என்று பொறுப்பின் பெயரோடு வரிசையாக எழுதுங்கள். தகவல் கொடுத்ததால் சிகிச்சை ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகக் கூடாது என்பதையும் அதில் சேருங்கள்.

பொறுப்பு கைமாறும்போது

ஒருவர் தொடர்ந்து இரண்டு பதவிக்காலம் இருக்கலாம். பிறகு ஓர் இடைவெளி விட்டுத்தான் திரும்பி வர வேண்டும் என்று எழுதுங்கள். எல்லாரும் ஒரே ஆண்டில் போய்விடாமல், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாகும்படி முதல் குழுவுக்கு மட்டும் ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று குலுக்கல் போட்டுப் பிரித்துவிடலாம். புதியவர்களுக்கான பயிற்சியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விசைப்படகுக் குடும்பத்துப் பெண்களுக்கு அப்போதுதான் ஓய்வு. பணநெருக்கடியும் அப்போதுதான் என்பதால் அமர்வுப்படியை அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

குடும்பத்தார் பொறுப்புக்கு வரவே கூடாதா என்று கேட்கிறார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தைப் பாருங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் இந்திய மாதர் சங்கத்தின் நிதியைக் கொண்டு 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அந்த நிலையத்தை, அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சென்றார்கள். மகன் வந்தது தவறாகவில்லை. அவர் புற்றுநோய் மருத்துவம் கற்றவர், வெளியிலிருந்து வந்தவருக்கும் சமமான இடம் இருந்தது. ஆகவே உறவை அளவுகோலாக்காமல், விளம்பரம் செய்து, நேர்காணல் நடத்தி, அதில் குடும்பத்தாரும் ஒருவராக வந்து தேறினால் ஏற்றுக்கொள்ளுங்கள்; நேர்காணல் குழுவில் நிறுவனர் இருக்கக் கூடாது.

கைமாற்றும் நாளில் சால்வையும் புகைப்படமும் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலைதான் அதிகம். பதிவாளருக்குப் புதிய குழுவின் பட்டியல் போக வேண்டும்; வங்கியில் கையெழுத்து அதிகாரத்தை மாற்றும் தீர்மானத்தின் நகல் போக வேண்டும்; வருமான வரி, வெளிநாட்டு நன்கொடைத் தளங்களில் பொறுப்பாளர் பெயரும் டிஜிட்டல் கையொப்பமும் மாற வேண்டும்; கிளினிக் பதிவும் ஸ்கேன் பதிவும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஓடிபி வருகிற கைப்பேசி எண் பழைய செயலாளரின் சொந்த எண்ணாக இருந்தால் ஒரு வேலையும் நகராது. எனவே அமைப்பு தொடங்கிய முதல் மாதத்திலேயே அமைப்பின் பெயரில் சிம் ஒன்று வாங்கி, எல்லாப் பதிவுகளிலும் அந்த எண்ணையே கொடுத்து, அந்தக் கைப்பேசியை அலுவலகப் பெட்டியில் வைத்து, சாவியைச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுங்கள்.